வெயிலில் வைத்த அம்பாசிடர்

அப்பு, மாடியில் நீ வைத்துவிட்டுப் போன கார் இப்போது அங்கே இல்லை. பதறாதே. மேல் அறையில், நம் வேலை மேசையில், உன் பழைய பனியன் துணியால் மூடி வைத்திருக்கிறேன். துணியை எடுக்கும் முன் இதைக் கடைசிவரை படித்துவிடு. இப்போது மணி பதினொன்றே கால். தாம்பூலத் தட்டுகளைக் கயல் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு நான்கு மணிக்குள் வத்தலக்குண்டிலிருந்து திரும்பிவிடுவதாகச் சொன்னாய். நாளைக் காலை பத்தரைக்கு நிச்சயதார்த்தம். இடையில் இருக்கும் நேரத்தில் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு முன் நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அது பதினொரு வருடம் தாமதமாகிவிட்டது.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எடுத்த எடுப்பில், "என்னம்மா, மேகம் கீகம் போட்டிருக்கா?" என்று கேட்டாய். "இல்லப்பா, நல்ல வெயில்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயைத் திறந்தால் உனக்குப் பிடித்ததைத்தான் என் நாக்கு முதலில் சொல்கிறது. எழுதும்போது அப்படித் தப்பிக்க முடியாது. எழுதியதைத் திரும்பப் படித்தால் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். இதைக் கயலும் படிக்கட்டும் என்பதால், உனக்குத் தெரிந்த விஷயங்களையும் அவளுக்காகக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

காலையில் நீ கிளம்பும்போது நடந்ததை நினைத்துப் பார். பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாய். "ம்மா, மாடில கார வச்சிருக்கேன், தொட்டுறாத. கண்ணாடி பூரா பனி படிஞ்சிருச்சு" என்றாய். எப்படி என்று கேட்டேன். "நேத்து சாயங்காலம் அவசரத்துல சூப்பர் க்ளூ வச்சு மூடிட்டேன். கயல் வேற போன் மேல போன் போட்டுக்கிட்டே இருந்தா. அது ஒண்ணுமில்லம்மா, மத்தியானத்துக்குள்ள தெளிஞ்சிரும்."

"தெளிஞ்சிருமா?"

"என்ன புதுசா கேக்குற? அன்னைக்கு எஞ்சினுக்குத் தெளியல? நீதான வெயில்ல வச்ச!"

சிரித்துக்கொண்டே சொன்னாய். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போட்டுவிட்டு நான் வாசலுக்கு வருவதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு தோசைக்கு ஆகும் நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். இதே மாதிரி எத்தனை தோசை திருப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கயல், உனக்காக: சூப்பர் க்ளூ காயும்போது அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவி எழும். திறந்த இடமாக இருந்தால் காற்றோடு போய்விடும். நாலு பக்கமும் மூடிய ஒரு குட்டிக் காருக்குள் அதற்குப் போக இடமில்லை. உள்ளேயே சுற்றிச் சுற்றி, பிளாஸ்டிக் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாக உறைந்துவிடும். விரல் பட்ட இடத்தில் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்; ரேகைகூட எழும்பி நிற்கும். பார்க்கப் பனி போல இருப்பதால் நாங்கள் அதைப் பனி என்கிறோம். அப்பு, அது பனி இல்லை. வெயிலுக்கு அது போகாது. இன்றைக்கும் போகாது, நாளைக்கும் போகாது. அன்றைக்கும் போகவில்லை.

இந்தக் கார் உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று கயலின் அப்பா பேசிக்கொண்டிருந்தது உன் காதிலிருந்து போகவில்லை. முப்பது வருடம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்கு டாக்ஸி ஓட்டியவர். என்னிடம்தான் சொன்னார்: "எத்தனையோ வண்டி ஓட்டிட்டேன் தங்கச்சி. அந்த வெள்ள அம்பாசிடர் மாதிரி ஒண்ணு வராது. பின் கண்ணாடியில எம்மக பேர எழுதி வச்சிருந்தேன். மலையில பின்னால வர்றவன் பூராம் 'கயலு போகுது, கயலு போகுது'ம்பான்." உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி விடவில்லை. "கட்டுனவ பேர எழுதணும்னு தோணுச்சா பாருங்க மதினி." அவர் அசையாமல், "ஒம்பேர எழுதுனா வண்டி எம்பேச்சக் கேக்காதுடி" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்தக் காரைச் செய்து நிச்சயத்தன்று அவர் கையில் கொடுக்கப் போவதாகச் சொன்னாய்.

அம்பாசிடருக்கு நேரான கிட், அதாவது துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிச் செய்யும் பெட்டி, கிடைக்கவில்லை. அதன் மூத்த வடிவமான ஓர் ஆங்கிலேயக் காரின் கிட்டைத் தேடி வாங்கினாய். முன்பக்கக் கிரில்லை அறுத்தெடுத்து, புதிதாகக் கம்பி கம்பியாக ஒட்டினாய். முகப்பு விளக்குகளுக்கு மேல் புருவம் போல வரும் வளைவைப் பட்டிப் பசையில் பிடித்து, காயவிட்டு, தேய்த்து, சரியில்லை என்று சுரண்டி, மறுபடி பிடித்தாய். கூரைமேல் சாமான் வைக்கும் கம்பிச் சட்டம், டாக்ஸிகளில் தொங்கும் எலுமிச்சை மிளகாய், எதையும் விடவில்லை. மூன்று மாதம். ஒரு சாண் நீளக் காருக்கு மூன்று மாதம். பின் கண்ணாடியின் உட்புறத்தில் கயலின் பெயரை வெள்ளை எழுத்தில் ஒட்டியபோது மட்டும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அந்த மூன்று எழுத்தின் அகலம் என் சுண்டுவிரல் நகம் அளவுதான். இப்போது கண்ணாடியும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை. பெயர் இருக்கும் இடமே தெரியவில்லை.

பத்தரை மணிக்குத் துணி காயப்போட மேலே போனேன். தூசி படக்கூடாது என்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தாய். பங்குனி வெயிலில், சிமெண்டுத் தரையில், அது ஒரு குட்டி அடுப்பு. நம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையே அந்த நேரத்துக்கு அனல் வீசுகிறது, பிளாஸ்டிக் என்ன செய்யும்? மூடியைத் தூக்கியபோது முகத்தில் சூடு அடித்தது. கூரையின் பின் விளிம்பு ஒரு நூல் அளவு தொய்ந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் பின் கண்ணாடிச் சட்டமே வளைந்திருக்கும். ஈரத் துணிகளை வாளியிலேயே போட்டுவிட்டு காரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். விளிம்பு ஆறியதும் கொஞ்சம் மேலேறியது, முழுதாக ஏறவில்லை. 

பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மேசை விளக்கைப் போட்டேன். மெல்லிய ரம்பத் தகட்டையும் புதுக் கத்தியையும் எடுத்தேன். பற்பசை, பஞ்சு, தச்சர்கள் வைக்கும் மரப்பசை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். நீ வருவதற்கு ஐந்தரை மணி நேரம் இருந்தது. அடித்தட்டைப் பிரித்து, கண்ணாடிகளைக் கழற்றி, தேய்த்துத் தெளியவைத்து, பெயரைப் புதிதாக ஒட்டி, மூடி, இணைப்பில் பெயிண்ட் அடித்து மறுபடி மாடியில் வைக்க எனக்கு நாலரை மணி நேரம் போதும். நீ வந்து பார்ப்பாய். "பாத்தியா, தெளிஞ்சிருச்சு!" என்பாய். நானும் சிரிப்பேன். இதை எப்படிச் செய்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது உன் அப்பா மதுரையில் ஒரு கடையில் பார்த்து ஒரு நீராவி எஞ்சின் கிட்டை வாங்கி வந்தார். பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்து பொம்மை என்று நினைத்துவிட்டார். திறந்தால் சாம்பல் நிறச் சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள். நீ சக்கரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாய். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பதினெட்டில் கல்யாணமாகி, கல்லூரி பாதியில் நின்று, நூலகத்திலிருந்து வாரம் மூன்று புத்தகம் எடுத்துவந்து அடுப்படியில் படித்துக்கொண்டிருந்தவள். அந்தக் கிட்டோடு வந்த தாளில் ஒரு சொல்கூட இல்லை; எண்களும் அம்புக்குறிகளும் படங்களும் மட்டும்தான். எதற்கு அடுத்து எது, எது காய்ந்த பிறகு எது என்று அது சொல்லிக்கொண்டே போனது. ஒரு நாவலைப் போல அதை வாசித்தேன். நீ பள்ளிக்கும் அப்பா மில்லுக்கும் போன பிறகு உட்கார்வேன், நீங்கள் வருவதற்குள் எடுத்து வைத்துவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சின் முழுதாக நின்ற பிறகுதான் நீங்கள் இருவருமே பார்த்தீர்கள். சொல்லாமல் செய்து முடித்து வைப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு, அப்பு. அந்த ருசிதான் பிறகு தப்பாகப் போனது.

உனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பள்ளிக் கண்காட்சிக்கு என்று முதல்முறையாக நீயே ஒரு டீசல் எஞ்சினை எடுத்துக்கொண்டாய். ஏதோ ஒரு நாட்டு எஞ்சின் அது. நம் ஸ்டேஷனில் நிற்பது போல ஆக்க வேண்டும் என்று மூக்கைக் குறைத்தாய், சட்டைப் பொத்தான்களை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோதல் தாங்கிகளாக ஒட்டினாய், பழைய மின்விசிறியின் செம்புக் கம்பியை நிமிர்த்திக் கைப்பிடி வைத்தாய். பொத்தான் யோசனை உன்னுடையது. நான்கூட நினைத்திருக்க மாட்டேன். கண்காட்சிக்கு முந்தைய நாள் காலையில் டிரைவர் அறைக் கண்ணாடிகளை சூப்பர் க்ளூவில் ஒட்டி, கூரையையும் அதிலேயே மூடிவிட்டாய். குளித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை. யூனிபாரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாய். அழவில்லை. "நான் கொண்டுபோகல. எனக்கு வேண்டாம். தூக்கிக் குப்பையில போடு" என்றாய். அப்படி ஒரு குரலில் நீ அதற்கு முன் பேசியதில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. "நீ ஸ்கூலுக்குப் போ. நான் வெயில்ல வச்சுப் பாக்குறேன்" என்று சொன்னேன். உன்னை அனுப்புவதற்காகச் சொன்னது அவ்வளவுதான்.

நீ போனதும் கூரையின் இடது விளிம்பை ஒட்டி அறுத்துத் திறந்தேன். கண்ணாடிகளைப் பெயர்த்து எடுத்தேன். தேய்த்துத் தெளியவைக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தீபாவளிச் சட்டை வந்த பெட்டியின் கண்ணாடித் தாளில் புதுக் கண்ணாடிகள் வெட்டி, பனி பிடிக்காத மரப்பசையில் ஒட்டினேன். கூரையை மூடி, அறுத்த கோட்டின்மேல் கறுப்புப் பெயிண்டைப் பஞ்சால் ஒற்றிப் புகைக்கறை போல ஆக்கினேன். நாலே கால் மணிக்கு நீ உள்ளே நுழைந்தாய். பையைக்கூடக் கழற்றவில்லை. எஞ்சினைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாய். "ம்மா! தெளிஞ்சிருச்சும்மா!" என்று கத்தினாய். உன் முகத்தைப் பார்த்தேன். "ஆமா, வெயில்ல வச்சேன்ல. தானா சரியாயிருச்சு" என்றேன்.

அன்றைக்கு உன் அப்பா காலை ஷிப்ட் முடிந்து முன்பே வந்திருந்தார். நான் கூரையை மூடிக் கறுப்பு ஒற்றுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், கையைக் கழுவப் போய்விட்டார்.

கண்காட்சியில் உனக்கு முதல் பரிசு. அறிவியல் ஆசிரியர் எஞ்சினைத் தூக்கிப் பார்த்து, "கண்ணாடி இவ்வளவு சுத்தமா எப்படிடா ஒட்டுன?" என்று கேட்டார். நீ நிமிர்ந்து நின்று, "முதல்ல பனி படியும் சார். வெயில்ல வச்சா தானா தெளிஞ்சிரும்" என்றாய். அவருக்கும் தெரியவில்லை போல, "அப்படியா!" என்றார். பெற்றோர் வரிசையில் நின்ற நான் கைதட்டினேன். அந்த நிமிடத்திலேயே உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒரு மாலை அழுதிருப்பாய், அல்லது என்மேல் கோபப்பட்டிருப்பாய். அடுத்த கிட்டில் எந்தப் பசை வைக்க வேண்டும் என்று கற்றிருப்பாய். நான் கைதட்டினேன். பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. நான் உன் கிட்டுகளுக்கெல்லாம் மரப்பசையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், மறுபடி அந்த நாள் வராமல் இருப்பதற்காக.

கண்ணாடியோடு இது நின்றிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். கல்லூரியில் உன் நெருங்கிய கூட்டாளியோடு சண்டை வந்தபோது நீ அவனிடம் போய்ப் பேசவில்லை. "கொஞ்ச நாள் விடும்மா, அதுவா சரியாகும்" என்றாய். அவன் நம் வீட்டுக்கு வருவது நின்றே போய்விட்டது. எனக்கு அப்போது உறுத்தியது. ஆண் பிள்ளைகள் அப்படித்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆண் பிள்ளைகள் அப்படி இல்லை. நான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

இனி கயலுக்கு வருகிறேன். நீ ஓசூர் வேலையை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதை அவளிடம் சொல்லவில்லை. உன் நண்பன் ஒருவன் அனுப்பிய வாழ்த்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை முடிந்து நேராக இங்கே வந்தாள். நீ வெளியே போயிருந்தாய். சமையலறையில் கீழே உட்கார்ந்து அவரைக்காயை நறுக்கிக்கொண்டே பேசினாள். "அத்தை, ஓசூரு போறது எனக்குப் பிரச்சனையே இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? கேட்டா, 'ரெண்டு நாள் விடு, தானா சரியாயிரும்'ங்கிறாரு. என்னத்த அத்தை தானா சரியாகும்? இது என்ன சளியா?" நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அதற்கடுத்து அவள் சொன்னதைக் கேட்டபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அவளுடைய அப்பாவிடம், ஓசூர் போவது தன் ஆசை என்று சொல்லியிருக்கிறாள். அங்கே பெரிய ஆய்வகங்கள் இருக்கின்றன, நான்தான் அவரை வற்புறுத்தினேன் என்று. கல்யாணத்துக்குப் பிறகு திண்டுக்கல்லில்தான் இருப்பாள், வாரம் ஒரு தடவை பார்க்கலாம் என்று நினைத்திருந்த மனிதர். இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். செவ்வாய்க்கிழமை நீ அவருக்குப் போன் செய்தாய். அவர் சாதாரணமாகப் பேசினார். நீ போனை வைத்துவிட்டு என்னிடம், "மாமா ஒண்ணுமே சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்ல, தானா சரியாயிரும்னு" என்றாய்.

தானாக இல்லை அப்பு. ஒருத்தி நீ இல்லாத நேரத்தில் கூரையை அறுத்து, புதுக் கண்ணாடி வைத்து, கோட்டின்மேல் கறுப்பு பூசியிருக்கிறாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. இன்னும் நிச்சயம்கூட ஆகவில்லை. "அவருகிட்ட சொல்லிறாதீங்க அத்தை, சங்கடப்படுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சரி என்றேன். நாற்பத்திரண்டு வயதில் மாமியாராகப் போகிறவள், வரும் மருமகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இந்தச் சரியைத்தான்.

இனி இன்று காலை அந்த வேலை மேசையில் நடந்தது. ரம்பத் தகட்டை காரின் அடியில் வைத்து இழுத்தேன். இரண்டு மூன்று இழுப்பு. படியேறி வரும் சத்தம் கேட்டு நிறுத்தினேன். உன் அப்பா, இரண்டாவது ஷிப்ட்டுக்குக் கிளம்ப வேண்டியவர், சோறு போடச் சொல்ல வந்தார். மேசையைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"திரும்பவுமா?" என்றார்.

"நாளைக்கு நிச்சயம்ங்க. அவன் முகத்த நினைச்சுப் பாருங்க."

"பன்னெண்டு வயசுல அந்த மொகத்த நெனச்ச, சரி. இப்ப அவனுக்கு இருபத்திமூணு." ரம்பத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மில்லுல நான் ஒரு மிஷின சரி பண்ணேன்னு வையி. என்ன பண்ணேன், எதக் கழட்டி மாட்டுனேன்னு சீட்டு எழுதி மிஷின்ல தொங்கவிட்டுட்டுத்தான் வெளிய வரணும். எவ்வளவு நல்லாப் பண்ணாலும் சரி. எழுதாம வந்தா, அடுத்த ஷிப்ட்டுக்காரன் ஒண்ணுமில்லன்னு நெனச்சுக் கைய விட்டுருவான்."

"அன்னைக்கே இதச் சொல்லிருக்கலாம்ல நீங்க?"

"சொல்லிருக்கலாம்" என்றார். "எனக்கும் அவன் சிரிச்சது பிடிச்சிருந்துச்சு." எழுந்து, "சோத்த நானே போட்டுக்கறேன். நீ சீட்டு எழுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு கயலுக்குப் போன் செய்தேன். நீ வெளியே பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்றாள். "கயலு, நீ சொல்ல வேண்டாம்னு சொன்னத நான் அவங்கிட்ட சொல்லப் போறேன். உன்னக் கேக்காமச் சொல்லக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்" என்றேன்.  அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டுவது கேட்டது. "கோச்சுக்குவாரா அத்தை?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.  பிறகு சின்னக் குரலில், "சொல்லிருங்க. எனக்கும் எங்கப்பா மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன்.

இப்போது மணி இரண்டு ஆகப் போகிறது. துணியை எடுத்ததும் காரைத் திருப்பிப் பார். வலது பக்கக் கதவுக்குக் கீழே, அடித்தட்டில், ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். அது நான். அங்கேயிருந்தே நீ தொடர்ந்து அறுக்கலாம். கோடு நேராகத்தான் இருக்கிறது. அடித்தட்டு வந்ததும் முதலில் இருக்கைகளைக் கழற்று, பிறகு கண்ணாடிகள். பனி மேற்பரப்பில் மட்டும்தான் இருக்கும். மிக நைசான உப்புத்தாளில் ஈரமாகத் தேய், பிறகு பற்பசையைப் பஞ்சில் தொட்டு வட்டமாகத் தேய். தேய்க்கத் தேய்க்க முதலில் இன்னும் மோசமாகத் தெரியும். அங்கே நிறுத்திவிடாதே. பின் கண்ணாடியில் பெயர் போய்விடும், அதைத் தவிர்க்க முடியாது. மீதி எழுத்துத் தாள் உன் டிராயரில் இருக்கிறது. மறுபடி ஒட்டு. திரும்ப மூடும்போது மரப்பசை மட்டும் வை, காய நேரம் கொடு. கூரையின் தொய்வு முழுதாகப் போகாது. அது வெயிலில் வைத்ததன் விலை. பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

காலைக்குள் முடியவில்லை என்றால் பனியோடே கொண்டுபோ. அவர் கையில் கொடுத்து, உள்ளே உங்கள் மகள் பெயர் இருக்கிறது, என் அவசரத்தால் மறைந்துவிட்டது, கல்யாணத்துக்குள் சரிசெய்து தருகிறேன் என்று சொல். முப்பது வருடம் மலைப்பாதையில் ஓட்டியவருக்கு, கண்ணாடியில் பனி இறங்கினால் வண்டியை ஓரம் கட்டித் துடைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தட்டு மாற்றுவதற்கு முன், ஓசூர் முடிவை எடுத்தது நீதான் என்பதை உன் வாயால் அவரிடம் சொல்லிவிடு. அவர் கோபப்படுவார். சபையில் முகம் சுருங்கினாலும் சுருங்கும். நிச்சயம் அரை மணி நேரம் தள்ளிப் போகலாம். அதற்கு மேலும் ஆகலாம். அப்படி ஆகாது என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. இந்த முறை நான் எதையும் பூசி மூடப் போவதில்லை. கயலிடமும் கேள், வேறு எதையெல்லாம் எனக்குத் தெரியாமல் சரிசெய்திருக்கிறாய் என்று. அவள் இல்லை என்பாள். இன்னொரு தடவை கேள்.

என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம்தான். அந்த முதல் பரிசு யாருடையது என்று கேட்பாய். அதையும் யோசித்தேன். மூக்கைக் குறைத்தது நீ, பொத்தான் ஒட்டியது நீ. ஜன்னல்கள் மட்டும் என்னுடையவை. கீழே ஷோகேஸில் அந்த எஞ்சின் இருக்கிறது. எடுத்து, கூரையின் இடது விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார். புகைக்கறைக்கு நடுவே ஓர் இடத்தில் நகம் நிற்கும்.

காருக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறேன். என் தையல் டப்பாவின் அடியில் இத்தனை வருடம் இருந்தது. அதில் இரண்டு சின்னக் கண்ணாடிகள் இருக்கும். உன் எஞ்சினிலிருந்து அன்றைக்கு நான் பெயர்த்தெடுத்தவை. சொன்ன பொய் உண்மையாகிவிடாதா என்ற ஆசையில் அந்த வருடக் கோடை முழுவதும் அவற்றை மாடிச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடி. வெள்ளைக்கு நடுவே ஒரு ரேகை தெரியும், பன்னிரண்டு வயதுக் கட்டைவிரல், கோடு கோடாக. அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

நான் கீழேதான் இருப்பேன். கூப்பிட்டால் விளக்குப் பிடிக்க வருகிறேன். கத்தி உன் கையில்தான் இருக்க வேண்டும்.

துணியை எடு.

அம்மா